ஒடிந்த இறக்கையும் உதிர்ந்த கொம்பும்

கரடிமடு என்ற குளத்துக்கு ஒரு கடமான் கூட்டம் தினமும் தண்ணீர் குடிக்க வரும். குனிந்து குடிக்கிற மானுக்குச் சிறுத்தை வருவது தெரியாது. ஆகவே காவலுக்கு ஆள் வைத்திருந்தார்கள். மரத்தில் கருமூஞ்சி என்ற மந்தி. புதரில் ஒரு மைனா. தரையில் செவந்தி என்ற ஆள்காட்டிக் குருவி.

செவந்தியின் கூலி இதுதான்: மான்கள் மேற்குக் கரையை மிதிக்காமல் சுற்றிப் போகும். அங்கே கூழாங்கற்களுக்கு நடுவே அவள் முட்டையிட்டுக் கொள்ளலாம். அந்தக் கோடையில் நான்கு முட்டைகள் இருந்தன. அவளுடைய துணையை வல்லூறு கொண்டுபோய்விட்டது. முட்டைகளுக்கு அவள் ஒருத்திதான்.

ஒரு நண்பகலில் சிறுத்தை வந்தது. செவந்தி அதன் தலைக்கு மேலே பறந்து கத்தினாள். மான்கள் தப்பின. சிறுத்தை ஓங்கி அடித்ததில் அவளுடைய இடது இறக்கை ஒடிந்தது.

மறுநாள் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு மான்களின் தலைவன் கொம்பனிடம் போனாள்.

“ஐயா, எலும்பு ஒடிஞ்சுபோச்சு. இருபது நாள் லீவு கொடுங்க. ஆறினதும் வந்துடறேன்!”

கொம்பன் சிரித்தான். “யாருகிட்ட கதை விடுற? நரி வந்தா இறக்கை ஒடிஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டு நடக்கிற இனம்தானே உங்க இனம்! நடிப்பு உங்க ரத்தத்துலயே ஊறினது!”

குஞ்சுகளிடமிருந்து நரியைத் திசைதிருப்ப செவந்தியின் இனம் அப்படிச் செய்யும். உண்மைதான். அதற்காக ஒடிந்த எலும்பும் நடிப்பாகிவிடுமா?

“சிறுத்தை அடிச்சதை நீங்க பார்க்கலையா ஐயா?”

“எப்படிப் பார்ப்பேன்? முதல்ல ஓடினதே நான்தானே!”

மான்கள் சிரித்தன. செவந்தி மரத்தைப் பார்த்தாள். கருமூஞ்சி எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தவள். சாட்சி சொல்வாள் என்று நம்பினாள். கருமூஞ்சியும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்! சிறுத்தையின் அடி இவ்வளவு வலிக்கவில்லை.

“காவல் இல்லேன்னா கரையும் இல்லை” என்றான் கொம்பன். “நாளையிலிருந்து மேற்குக் கரைதான் எங்க பாதை! இன்னைக்கு இவளுக்கு லீவு கொடுத்தா, நாளைக்கு இந்த மந்தி பிள்ளைக்குக் காய்ச்சல்னு வந்து நிப்பா! அதுவும் நடிப்புதான்!”

கருமூஞ்சியின் சிரிப்பு அறுந்தது. மார்பில் தொங்கிய அவளுடைய குட்டி இரண்டு நாளாகக் காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது. லீவு கேட்கத்தான் அவளும் வந்திருந்தாள்.

மாலையில் அவள் கரைக்கு இறங்கி வந்தாள். செவந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“திட்டுடி, வாங்கிக்கிறேன்” என்றாள் கருமூஞ்சி. இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை எலும்பு வெளியே தெரிந்தது. “ஐயோ! இதுக்கா நான் சிரிச்சேன்!”

“சிரிச்சே. நாளைக்கு என்ன செய்யப் போறே?”

விடிந்தது. மான் கூட்டம் மேற்குக் கரைக்கு வந்தது. கருமூஞ்சி மரத்தில் குட்டியை அணைத்தபடி, காவல் குரல் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“மைனா! செவந்தி வேலையும் இனி உனக்குத்தான்! குரல் கொடு!” என்று கத்தினான் கொம்பன்.

“தொண்டை கட்டிக்கிச்சு தலைவரே! நடிப்புன்னே வெச்சுக்குங்க!”

குளம் முழுக்கத் தண்ணீர். காவல் குரல் மட்டும் இல்லை. ஒரு மானும் குனியத் துணியவில்லை. ஒரு சருகு விழுந்தாலும் கூட்டமே துள்ளி ஓடியது. வெயில் ஏறியது. குட்டிமான்கள் நாக்கைத் தொங்கவிட்டன.

கொம்பன் வெறிகொண்டு கூழாங்கற்கள் மேல் ஏறினான். அவன் குளம்பு முட்டைகளை நெருங்கியது. செவந்தி குறுக்கே வந்து விழுந்தாள். ஒடிந்த இறக்கையை இழுத்தாள். கல்லெல்லாம் ரத்தக் கோடு.

“நல்லாப் பாருங்க ஐயா! இதுவா நடிப்பு?”

குட்டியோடு நின்ற ஒரு பெண்மான் முன்னே வந்தது. “நகரும்! போன கோடையில கொம்பு உதிர்ந்ததும் வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டு மூணு மாசம் மூங்கில் புதருக்குள்ள படுத்துக் கிடந்தீரே! அப்ப ராவும் பகலும் உமக்குக் காவல் நின்னது யாரு? இந்தக் குருவிதானே! உதிர்ந்த கொம்புக்கு ஓய்வு, ஒடிஞ்ச எலும்புக்கு நடிப்பா?”

தன் கூட்டத்திலிருந்தே இந்தக் குரல் வரும் என்று கொம்பன் கனவிலும் நினைத்ததில்லை. மற்ற மான்களும் அவன் கொம்பையே பார்த்தன. தூக்கிய காலை அவன் பின்னால் வைத்தான்.

“சரி, சரி! பாவம், என் கருணையால இருபது நாள் தர்றேன்!”

“கருணையை நீங்களே வெச்சுக்குங்க!” என்றாள் செவந்தி. “யாருக்கு உடம்பு முடியலேன்னாலும், யாரு பிள்ளை படுத்தாலும் லீவு உண்டு. கரையும் கைவிட்டுப் போகாது. இதை விதின்னு எல்லார் காதும் கேக்கச் சொல்லுங்க!”

கொம்பனுக்குத் தொண்டை வறண்டிருந்தது. சொன்னான்.

மைனாவின் குரல் எழுந்தது. மான்கள் குனிந்து குடித்தன. கருமூஞ்சி குட்டியோடு நிழலுக்குப் போனாள். செவந்தியின் இறக்கை கோணலாகத்தான் கூடியது. நான்கு முட்டைகளும் பொரிந்தன.

உடம்பு முடியாமல் விடுப்புக் கேட்பவரை நடிப்பவர் என்று ஏசும்போது கூடச் சேர்ந்து சிரிப்பவர், தம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளில் அதே ஏச்சைக் கேட்கத் தாமே வழி செய்து வைக்கிறார்.