கார் எங்கே மூச்சு வாங்கும்?

கோவையில் ஒரு கார் கிளப்புக்குத் தலைவர் துளசிதரன். கிளப்பில் யார் டர்போ கார் வாங்கினாலும் அவரிடம் கேட்காமல் ஒரு திருகைக்கூட மாற்றமாட்டார்கள். ஒருநாள் நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்த தன் காரை உதிரிபாகக் கடை வாசலில் நிறுத்தினார்.

"காத்து உள்ள போற குழாயை மாத்தணும். இஞ்சின் பக்கத்துலயே திறந்தாப்புல உக்காருமே, அந்த ஃபில்டரைக் குடு. சத்தமே கம்பீரமா இருக்கும்."

கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த அஞ்சுகம், "அது வேண்டாங்க சார். மூடின பெட்டி வெச்சு, முன்னாடி கிரில்லுல இருந்து காத்து எடுக்கலாமுங்க. டர்போவுக்குக் குளுந்த காத்துதான் நல்லதுங்க" என்றாள்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எனக்கே பாடமா? டெஸ்ட் பண்ற மெஷின் வெக்காம, வண்டியை ஓட்டாம, இப்பவே நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா எங்க கிளப் ஆளுங்க ஒருத்தரும் இந்தக் கடைப் பக்கம் வரமாட்டாங்க."

கடை முதலாளி கல்லாவை விட்டு ஓடிவந்தார். அஞ்சுகமோ நிதானமாகப் போய் பானட்டைத் தூக்கினாள்.

"அந்த ஃபில்டர் உக்காரப்போற இடத்துல முகத்தை வெச்சு நல்லா மூச்சு இழுங்க சார்."

குனிந்தவரால் அனலைத் தாங்க முடியவில்லை. இருமிக்கொண்டே காருக்கு முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து காற்று வாங்கினார்.

"இப்ப நீங்க நிக்கிற இடத்துல இருந்துதானுங்க காருக்கும் காத்து எடுக்கச் சொன்னேன்."

முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துளசிதரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பெட்டியையே மாட்டு" என்றவர் குரலைத் தாழ்த்தி, "கிளப்புல இதை நானே கண்டுபிடிச்சதாச் சொல்லிக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமாச் சொல்லுங்க சார். மூச்சு உங்களுதுதானுங்களே."