கல்லில் கசிந்த எண்ணெய்

முன்னொரு காலத்தில், கடலை ஒட்டிய ஒரு நாட்டில், தன் நிழல் பின்னால் வந்தால்கூடத் திரும்பிப் பார்த்து "உன்னை யார் அனுப்பியது?" என்று கேட்கிற அரசன் ஒருவன் இருந்தான். பெயர் மாறவேள். அவன் சாப்பாட்டை முதலில் ஒருவர் ருசி பார்ப்பார். அவர் நிஜமாகவே விழுங்கினாரா என்று பார்க்க இன்னொருவர் உண்டு. அந்த இன்னொருவரைக் கவனிக்க மூன்றாமவர். இதற்குள் சோறு ஆறிப்போகும். சோறு ஏன் ஆறியது என்று அரசனுக்கு அடுத்த சந்தேகம் வரும்.

அப்படிப்பட்டவனின் அவையில் விகடனாக இருந்து பிழைப்பது எளிதல்ல. அம்பலவன் பிழைத்து வந்தான்.

அந்த நாட்டில் விளக்கெரிக்க எண்ணெய் கப்பலில் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை இலுப்பைக் கொட்டையைச் செக்கில் ஆட்டித்தான் எல்லோரும் விளக்கேற்றினார்கள். பிறகு பண்டகசாலை அதிகாரி வில்லவராயர், "நம் இலுப்பையில் பூச்சி விழுந்துவிட்டது. அந்த எண்ணெயின் புகை கண்ணைக் கெடுக்கும்" என்று அவையில் சொன்னார். கருந்தீவு என்ற ஊரில் கல்லிலிருந்து எண்ணெய் கசிகிறது என்றும், கற்பூரம் போல மணக்கும் என்றும் சொன்னார். கப்பல் வந்தது. எண்ணெய் மணக்கத்தான் செய்தது.

முதல் ஆண்டு ஒரு குடத்துக்கு இரண்டு மூட்டை நெல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மூன்று. இந்த ஆண்டு ஐந்து. ஊரில் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துப் படுத்தார்கள். பிரசவ வீட்டில்கூட விளக்கை அளந்து ஏற்றினார்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் கப்பல் தலைவன் பாஜிரான் அவைக்கு வந்து, இனி ஒரு குடம் ஏழு மூட்டை என்றான். காரணம் கேட்டதற்கு, கல் சரியாகக் கசியவில்லை என்றான்.

அம்பலவனால் வாயை அடக்க முடியவில்லை. "அங்கே ஒரு கல் முகத்தைச் சுளித்தால் இங்கே நம் அடுப்படி இருட்டாகிறது, அரசே."

யாரும் சிரிக்கவில்லை. அரசன் தாடையைத் தடவினான். அவன் மூளையில் சந்தேகம் புகுந்துவிட்டது என்று அம்பலவனுக்குத் தெரிந்தது.

"நாளை அந்தத் தீவு நமக்கு எண்ணெய் தராது என்றால்?" என்றான் அரசன். "நான் இருட்டில் உட்கார்ந்திருப்பேன். இருட்டில் யார் வேண்டுமானாலும் வரலாம். முடியாது. இன்றிலிருந்து பத்தாம் நாள் என் பிறந்தநாள். அன்று மாலை அரண்மனையில் ஆயிரம் விளக்கு எரிய வேண்டும். அந்நிய எண்ணெய் ஒரு சொட்டுகூட அதில் இருக்கக் கூடாது. யார் பொறுப்பேற்கிறீர்கள்?"

வில்லவராயர் மெல்ல எழுந்தார். வழுக்கைத் தலையில் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "பிரபு, நோயைக் கண்டுபிடித்தவரிடமே மருந்தும் இருக்கும். விகடரிடம் ஒப்படையுங்கள்."

"செய்வாயா?" என்றான் அரசன்.

மறுத்தால் ஏன் மறுக்கிறாய் என்று கேட்பான். அம்பலவன் தலையசைத்தான்.

"இதோ என் முத்திரை மோதிரம். நாட்டுக்குள் எங்கிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். செய்யாவிட்டால் இதே கப்பலில் உன்னைக் கருந்தீவுக்கு அனுப்பிவிடுவேன். திரும்பி வரும் வேலை வைத்துக்கொள்ளாதே."

வில்லவராயர் பாஜிரானைப் பார்த்தார். பாஜிரான் தரையைப் பார்த்தான். அம்பலவன் இருவரையும் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

எள் கிடைக்குமா என்று விசாரித்தான். இரண்டு ஆண்டாக மழை இல்லை. இருந்த எள்ளும் விதைக்கே போதவில்லை. தேங்காய் எண்ணெய் சமையலுக்கே தட்டுப்பாடு. மூன்றாம் நாள் இலுப்பைத் தோப்புக்குப் போனான். கொட்டை உதிர்கிற காலம். ஆனால் தரை துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு பெண் காலிக் கூடையோடு நின்றாள்.

"கொட்டையெல்லாம் எங்கேம்மா?"

"பண்டகசாலை ஆளுங்க வாரிட்டுப் போயிட்டாங்கய்யா. மூணு வருஷமா அப்படித்தான். அரண்மனைக் குதிரைக்கு மருந்தாம்."

"பூச்சி விழுந்த கொட்டையா?"

"எந்தப் பூச்சி? நல்லாத்தான் இருக்கு. குதிரைக்குக் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கும். அதைப்போய் வண்டி வண்டியா ஏத்துறாங்க. நம்மகிட்ட யார் கேக்கப் போறா?"

அம்பலவன் நேரே குதிரை லாயத்துக்குப் போனான். அங்கே நாற்பது குதிரைகள் புல் தின்றுகொண்டிருந்தன. "இலுப்பைக் கொட்டையா? இங்கே எதுக்குங்க?" என்று லாயக்காரர் கேட்டார்.

கொட்டை தோப்பில் இல்லை. லாயத்திலும் இல்லை. வண்டித் தடம் துறைமுகம் வரை போனது. அதற்கப்பால் தண்ணீர். தண்ணீரில் தடம் இருக்காது. சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வில்லவராயர் மேல் கைவைத்தால், அடுத்த வேளை தன் கழுத்தில்தான் கை விழும் என்று அவன் அறிந்திருந்தான்.

ஏழாம் நாள் மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி செங்கமலம் கொல்லையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன்."

"கருந்தீவுக்குத் துணி மூட்டை கட்டணும். அதுக்குள்ள என்ன?"

"மூட்டைய அப்புறம் கட்டலாம். இதைப் பாருங்க."

கை நிறைய வெள்ளை நுரை. கப்பல் எண்ணெய்ப் பானையின் அடியில் தங்கியிருந்த மண்டியைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருந்தாளாம். ஐந்து மூட்டை நெல் கொடுத்து வாங்கிய எண்ணெயில் எதையும் வீசியெறிய அவளுக்கு மனம் வரவில்லை. பித்தளை தேய்க்கலாம் என்று வெந்நீரில் கரைத்திருக்கிறாள். நுரைத்திருக்கிறது. எண்ணெய்த் தலையில் தேய்த்துப் பார்த்திருக்கிறாள்.

"அப்படியே இலுப்பைப் புண்ணாக்கு. கண்ணுல பட்டதும் சுருக்குன்னுது பாருங்க, அதுவேதான். கல்லு எங்கயாவது நுரைக்குமா?"

அம்பலவன் நுரையை முகர்ந்தான். கற்பூரம் போயிருந்தது. இலுப்பை மட்டும் மிச்சமிருந்தது.

எண்ணெயின் வாசனையை மாற்றியவர்கள் அளவைக் கூட்டும் ஆசையில் மண்டியைச் சேர்த்தே ஊற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துப் புண்ணாக்குப் பொடியால் அலசுகிற வழக்கம் கப்பல்காரர்களுக்குக் கிடையாது. வில்லவராயருக்கோ இருபது ஆண்டாகத் தலையில் முடி கிடையாது. அந்த நுரையைப் பற்றி இரு தரப்புக்கும் நினைவே வந்திருக்காது.

"மூட்டை கட்டலையா?" என்றாள் செங்கமலம்.

"வேண்டாம். நீ தலையைத் துவட்டு, ஜலதோஷம் பிடிக்கப் போகுது."

பத்தாம் நாள் மாலை அரண்மனையில் ஆயிரம் விளக்குகள் எரிந்தன. மண்டபம் முழுவதும் கற்பூர வாசனை. அரசன் இரண்டு முறை மூச்சை இழுத்தான். முகம் மாறியது.

வில்லவராயர் இதற்காகவே காத்திருந்தவர் போலக் குதித்து எழுந்தார். "மோசம் போனோம், பிரபு! இது கப்பல் எண்ணெய்! உங்கள் மோதிரத்தைக் காட்டி என் பண்டகசாலையிலிருந்தே குடம் குடமாக எடுத்து வந்திருக்கிறார்!"

"உண்மையா?" என்றான் அரசன்.

"உண்மைதான், அரசே. நாட்டுக்குள் எங்கிருந்தும் எடுக்கச் சொன்னீர்கள். பண்டகசாலை நாட்டுக்குள்தானே இருக்கிறது?"

"அந்நிய எண்ணெய் ஒரு சொட்டு கூடாது என்றேன்!"

"ஒரு சொட்டும் இல்லை."

காவலர்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள். அம்பலவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "என்னைக் கப்பலில் ஏற்றும் முன் ஒரே ஒரு சந்தேகம்." சந்தேகம் என்ற சொல் காதில் விழுந்ததும் அரசன் கையைத் தூக்கினான். காவலர்கள் நின்றார்கள்.

"பண்டகசாலையில் யாராவது குடத்தைத் திறந்து நம் ஊர் எண்ணெயைக் கலந்திருக்கலாமோ?"

"கலப்பதா!" வில்லவராயருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விகடன் இந்த வழியாகத்தான் தப்பப் பார்க்கிறான் என்று அவர் நினைத்தார். "கப்பலிலிருந்து இறங்கும்போதே என் முத்திரை விழுந்துவிடும். ஒரு துளி உள்ளே போகாது. என் தலைமேல் ஆணை!"

"கப்பலில் ஏறுவதற்கு முன்னால்?"

பாஜிரான் முன்னால் வந்தான். "சுத்தமான கல் எண்ணெய், மகாராஜா. எங்கள் தீவு வெறும் பாறை. மரம் கிடையாது."

"செடி?"

"கிடையாது."

"ஒரு புல்?"

"புல்கூட இல்லை என்கிறேனே!"

"எனக்குத் திருப்தி" என்றான் அம்பலவன். "முத்திரை உடையாத குடம் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். நான் தொட மாட்டேன். வில்லவராயரே உடைக்கட்டும்."

குடம் வந்தது. வில்லவராயர் முத்திரையை எல்லோரிடமும் காட்டிவிட்டு உடைத்தார். எண்ணெயை அண்டாவில் சாய்த்தார்கள். அடியில் கெட்டியாக மண்டி நின்றது. அதைத் துணியில் பிழிந்து வெந்நீரில் கரைக்கச் சொன்னான் அம்பலவன்.

"இப்போது யாராவது எண்ணெய் வைத்த தலை ஒன்று கொடுத்தால்..."

பத்துப் பேர் முன்வந்தார்கள். அரசன் அந்தப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராக முறைத்தான்.

"நீ பேசி வைத்த தலையாக இருக்கும். உன்னையும் நம்பவில்லை, அவரையும் நம்பவில்லை. என் தலையை நம்புகிறேன்."

கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கரைசலைத் தானே அள்ளித் தலையில் தேய்த்தான். முதலில் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு தேய்ப்பு. அரசனின் காதோரத்தில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பிறகு நெற்றியில் இறங்கியது. பிறகு மீசை வரை வழிந்தது.

"ஐயோ, கண்!" என்று அலறினான் அரசன்.

மேல்மாடத்தில் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பட்டத்தரசி எட்டிப் பார்த்தாள். "இது இலுப்பைப் புண்ணாக்கு அல்லவா? உங்களுக்குத் தெரியாதா? மூன்று வருஷத்துக்கு முன்புவரை சனிக்கிழமைதோறும் இதில்தானே தலையை அலசினீர்கள்!"

"சில கல்லும் நுரைக்கலாம், பிரபு" என்றார் வில்லவராயர். குரல் கீழே இறங்கிவிட்டது.

"நுரைக்கட்டும்" என்றான் அம்பலவன். "அரசே, புல்கூட முளைக்காத பாறையில் இலுப்பை எண்ணெய் எப்படி வந்தது என்று கப்பல் தலைவர் சொல்லட்டும். குடத்துக்குள் எதுவும் போகவில்லை என்று அதிகாரி தன் தலைமேல் ஆணையிட்டுவிட்டார். குதிரை மருந்து என்று வண்டி வண்டியாகப் போன நம் கொட்டை எங்கே என்பதையும் அவரே சொல்லட்டும். குதிரைகளுக்கு அது தெரியவில்லை. கேட்டுவிட்டேன்."

பாஜிரான் ஒரு கணம் வில்லவராயரைப் பார்த்தான். அடுத்த கணம் அரசனின் காலில் விழுந்தான். "கொட்டையை அனுப்பினவர் அவர்தான், மகாராஜா. தீவில் செக்கு வைத்து ஆட்டிக் கற்பூரம் போட்டோம். விலையைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்!"

நுரை வழியும் முகத்தோடு அரசன் அசையாமல் இருந்தான். யாருக்கு என்ன ஆகப்போகிறதோ என்று மண்டபம் நடுங்கியது. திடீரென்று அவன் தோள் குலுங்கியது.

"என் தோப்பின் எண்ணெயை எனக்கே ஏழு மூட்டைக்கு..." மேலே பேச முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பில் ஒரு நுரைக்குமிழி மூக்கிலிருந்து கிளம்பி வில்லவராயரின் வழுக்கையில் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தான்.

சிரித்து முடித்து, வில்லவராயரை இலுப்பைத் தோப்பில் கொட்டை பொறுக்கும் பெண்களின் கீழ் வேலைக்கு அனுப்பினான். பாஜிரானை வெறுங்கப்பலோடு துரத்தினான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவனுக்குப் போட்டான். "இன்னும் கேள்."

"பொறுக்குகிறவர்களுக்கே கொட்டை சொந்தம் என்று ஓர் ஆணை, அரசே. செக்கை அவர்கள் ஓட்டிக்கொள்வார்கள்."

"தந்தேன்." அரசன் கண்ணைத் துடைத்தபடி அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "இது நுரைக்கும் என்று உனக்கு யார் சொன்னது?"

"என் மனைவி."

"அவளுக்கு யார் சொன்னது?"

"அவள் தலைமுடி, அரசே."

அரசன் அதையும் சந்தேகப்பட்டுப் பார்த்தான். பிறகு தன் ஈரத் தலையை ஒருமுறை தடவி முகர்ந்துவிட்டு, மறுபடி சிரிக்க ஆரம்பித்தான். செங்கமலத்துக்கு என்று இன்னொரு முத்துமாலை வந்தது. அதை யாரும் ருசி பார்க்காமலே கொடுத்தான்.