ஏழு பத்துக்கு வருபவர்

“எல்லாம் தயார் டீச்சர். ஒரே ஒருத்தரால நிக்குது” என்றார் சவரிமுத்து.

ஷம்ஷாத் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெராக்ஸ் மெஷினுக்குள் யாருடைய ரேஷன் கார்டோ போய்க்கொண்டிருந்தது.

“எத்தனை மாசமா?”

“எட்டு.”

திருச்சியில் கோர்ட்டுக்கு எதிரே அந்தக் கடை. பத்து வருஷத்துக்கு முன்பு ஷம்ஷாத் ‘சாரம்’ என்று ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார். வலைத்தளம் கட்டுகிறவர்கள் அதை அடியில் வைத்துக்கொண்டு மேலே தங்கள் தளத்தை எழுப்புவார்கள். பள்ளிக்கூடம், நூலகம், பால் சொசைட்டி என்று ஆயிரக்கணக்கில் அதன்மேல் நிற்கின்றன.

நாலு வருஷம் பார்த்துக்கொண்டார். பிறகு பொறுப்பை மொத்தமாகச் சவரிமுத்துவிடம் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ் கடை வைத்தார்.

ஏன் என்று கேட்டவர்களிடம், “இதுல பேப்பர் சிக்குனா கண்ணுக்குத் தெரியுது” என்றார்.

சவரிமுத்துவுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். ஷம்ஷாத்துக்கு முப்பத்து நாலுதான். ஆனால் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் சவரிமுத்துவுக்கு அவர் டீச்சர். அதில் சவரிமுத்துவுக்குக் கூச்சம் கிடையாது.

“நாலாவது பதிப்புல அந்தப் பழைய லாகின் முறையைத் தூக்கிடறோம். அந்தப் பூட்டு நைஞ்சு போச்சு டீச்சர், எவன் வேணா திறக்கறான். பயன்படுத்தறாங்களோ இல்லையோ, எல்லாத் தளத்துலயும் அந்தக் கதவு இருக்கு.”

“அப்ப தூக்குங்க.”

“தூக்குனா அதை நம்பியிருக்கற தளம் படுத்துடும்.”

“யாரு நம்பியிருக்கா?”

“அதைத்தான் சொல்ல வந்தேன்.”

சவரிமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த லாகினுக்கு ஒரு உதவிப் பக்கம் இருக்கு. இப்பல்லாம் ஒருத்தரும் படிக்கறதில்ல. ஆனா தினம் காலையில ஏழு பத்துக்கு ஒரே ஒருத்தர் வந்து திறந்து பார்க்கறார். ஒருநாள் தவறுனதில்ல.”

வந்தவர் யார் என்று சாரத்தின் கணக்கு காட்டாது. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். படிக்க வருகிறவரை வேவு பார்க்கக் கூடாது என்பது ஷம்ஷாத்தே வைத்த விதி.

“எப்படிப்பட்டவர்னு நினைக்கறீங்க?”

“ஏதோ சின்ன ஊரு. சின்ன ஆபீஸ். என் வயசு இருக்கும். சைட்டு கட்டிக் குடுத்த பையன் வெளிநாடு போயிருப்பான். இவருக்கு ஒண்ணும் புரியாது. தினம் வந்து, இருக்கா, இன்னும் இருக்கான்னு பார்த்துட்டுப் போறார். பாவம்.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமையும் வர்றார். பொங்கலன்னிக்குக்கூட வந்தார் டீச்சர்!”

ஷம்ஷாத்தின் கை மெஷின்மேல் ஒரு நொடி நின்றது.

“பொங்கலன்னிக்கும் ஏழு பத்துக்கா?”

“டாண்ணு ஏழு பத்துக்கு.”

“ம்” என்றார் ஷம்ஷாத். ரேஷன் கார்டை உரியவரிடம் நீட்டினார். “அவருக்கு ஒரு கடுதாசி எழுதி அந்தப் பக்கத்துலயே ஒட்டுங்க. பதில் வந்ததும் வாங்க.”

*

சவரிமுத்து அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தார்.

அவர் மேசைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வருஷக்கணக்காக உறுமிக்கொண்டிருக்கும். எதற்காக ஓடுகிறது என்று அவருக்கே மறந்துவிட்டது. அணைத்தால் எங்கேயாவது ஏதாவது நின்றுவிடுமோ என்று தொடுவதில்லை. மனைவி குளோரி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டாள்.

‘தினமும் காலையில் வரும் நண்பருக்கு’ என்று ஆரம்பித்தார். இது போகப்போகிறது, பயப்பட வேண்டாம், புதிய முறைக்கு மாற நானே கூட இருந்து உதவுகிறேன் என்று எழுதித் தன் போன் நம்பரையும் போட்டார். எழுதி முடித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஏழு பத்துக்கு நண்பர் வந்தார். போன் வரவில்லை.

அதற்கடுத்த நாளும் வந்தார். போன் வரவில்லை.

முப்பத்தோரு நாள் வந்தார்.

*

“படிக்கறார் டீச்சர். படிச்சுட்டுப் பேசாமப் போறார். எனக்கு மனசே விட்டுப்போச்சு.”

“வேற யாராவது பேசுனாங்களா?”

சவரிமுத்து தலையைச் சொறிந்தார்.

“சேலத்துலேர்ந்து திருமேனி பேசுனான். நாலாவது பதிப்புல பாதி அவன் எழுதுனது. இந்த மாசத்துக்குள்ள வெளியிடலைன்னா விலகிக்கறேங்கறான். அவனும் போயிட்டா நான் ஒண்டியாள்.”

“அப்புறம்?”

“ஒரு பள்ளிக்கூடத்து சைட்டுல அந்தக் கதவு வழியா எவனோ பூந்துட்டான். பிள்ளைங்களோட பெத்தவங்க போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டான். ஹெட்மிஸ்ட்ரஸ் மெயில் போட்டிருந்தாங்க. ஓட்டைன்னு தெரிஞ்சும் ஏன் சார் இன்னும் வெச்சிருக்கீங்கன்னு.”

“என்ன பதில் எழுதுனீங்க?”

“இன்னும் எழுதல.”

“அவங்க பேரு என்ன?”

சவரிமுத்து யோசித்தார். மெயிலின் கடைசியில் பெயர் இருந்தது. பார்த்தது ஞாபகம் இருக்கிறது. என்ன பெயர் என்றுதான் வரவில்லை.

“எந்த ஊரு?”

அதுவும் வரவில்லை. ஏழு பத்துக்காரரின் வயது, ஆபீஸ், வெளிநாடு போன பையன் வரைக்கும் சொன்னவருக்கு முகம் சுண்டிவிட்டது. வெட்கமாக இருந்தது.

ஷம்ஷாத் அதைப் பார்த்தும் பாராததுபோல் ஒரு கட்டு பேப்பரைப் பிரித்து, விசிறிபோல் வீசி, மெஷினுக்குள் வைத்தார்.

“இன்னிக்குச் சாயங்காலம் நாலாவது பதிப்பை விட்டுடுங்க. அந்த உதவிப் பக்கத்தையும் எடுத்துடுங்க.”

“டீச்சர்...”

“பக்கத்தைக் காணோமேன்னு அவர் நிச்சயமாக் கேப்பார். கேட்டா அவரும் நீங்களும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. பழையபடி வைக்கணும்னு முடிவானா வெச்சுடலாம். நான் குறுக்க வரமாட்டேன்.”

“நிச்சயமாக் கேப்பாரா?”

“பொங்கலன்னிக்கே வந்தவராச்சே.”

*

சாயங்காலம் ஆறு மணிக்கு நாலாவது பதிப்பு வெளியானது. பழைய லாகின் போனது. அதன் பக்கமும் போனது. திருமேனி சேலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கைதட்டும் பொம்மைகள் அனுப்பினான்.

சவரிமுத்துவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் ஏழு மணிக்கே போனையும் கம்ப்யூட்டரையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்ன சொல்வது என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். முதலில் மன்னிப்பு. பிறகு, நானே உங்கள் ஊருக்கு வந்து மாற்றித் தருகிறேன். பஸ் சார்ஜ் என்னுடையது.

ஏழு பத்து.

போன் அடிக்கவில்லை. மெயில் ஒன்று வந்து விழுந்தது.

திறந்தார்.

‘பக்கத்தைக் காணவில்லை. யாரோ ஒருவருக்கு இது கட்டாயம் தேவைப்படும். உடனே திரும்ப வைக்கவும்.’

அவ்வளவுதான். பெயர் போடவில்லை. ஊரும் போடவில்லை.

சவரிமுத்து அனுப்பியவரின் விலாசத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அது அவருடைய சொந்த விலாசம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, பொறுப்பு கைக்கு வந்த முதல் வாரம். எதையும் தொலைத்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து தூங்காமல் கிடந்த வாரம். தினமும் காலையில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர, இல்லாவிட்டால் தனக்கு மெயில் போட, பத்து வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அதைப் பழைய கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். அந்த வாசகமும் அவர் எழுதியதுதான்.

மேசைக்கடியில் அது உறுமிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

“கேட்டாரா சார்?” என்றார் ஷம்ஷாத்.

“கேட்டார்.”

“என்னவாம்?”

“உடனே திரும்ப வைக்கணுமாம்.”

“வேற யாராவது கேட்டாங்களா?”

“இல்ல டீச்சர். அவர் ஒருத்தர்தான்.”

“சரி, பேசிட்டு வாங்க” என்று ஷம்ஷாத் போனை வைத்துவிட்டார்.

சவரிமுத்து குறித்து வைத்திருந்த தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு ஹெட்மிஸ்ட்ரஸின் மெயிலைத் தேடி எடுத்துப் பெயரைப் படித்தார். ரெஜினா பேகம். முசிறி.

குனிந்தார். ஊறுகாய் ஜாடியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

வீடு திடீரென்று அமைதியானது.

“என்னங்க, கரண்ட் போயிடுச்சா?” என்று சமையலறையிலிருந்து குளோரி கேட்டாள்.

“இல்ல குளோரி. நான்தான் நிறுத்துனேன்.”