தேனூத்து விளக்குக்கு யார் சொந்தக்காரர்?

மெய்யோ பொய்யோ, சொன்னவர்களைக் கேளுங்கள். நான் கேட்டதைச் சொல்கிறேன். ஒரு மலைச் சமஸ்தானம். அதற்கு சுந்தரபூபதி என்று ஒரு ராஜா. நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் அவருக்கு நியாயம். திவான் சேஷாசலத்துக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் எந்த வழக்கு வந்தாலும் அவர்தான் கடைசியாகப் பேசுவார்.

அந்தச் சமஸ்தானத்தில் தேனூத்து என்று ஓர் ஊர். ஊருக்கு மேலே ஒரு ஓடை பாறையிலிருந்து குதித்துக்கொண்டே இருக்கும். விழுகிற தண்ணீரை வைத்துக் கரண்டு எடுக்கலாம் என்று கேள்விப்பட்டதும் ஊருக்கே ஆசை வந்துவிட்டது. அரண்மனையில் போய்க் கேட்டார்கள். திவான் கையை விரித்துவிட்டார். சரி, நமக்கு நாமே என்று இறங்கினார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் விழுந்து சுற்றுகிற இரும்புச் சக்கரத்தைச் சாமி சப்பரம் மாதிரி தோளில் தூக்கி மலையேற்றினார்கள். வெள்ளத்தாயி என்பவள் முன்னால் நின்று வேலை வாங்கினாள். நாட்டாமையாக இருந்த புருஷன் போன பிறகு அவள் சொல்தான் அந்த ஊரில் செல்லும். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு ஒரு விளக்கு எரிந்தது பாருங்கள், கிழவர்கள்கூட வாசலில் நின்று அழுதார்களாம்.

காட்டு ஓடையாச்சே, இலை வராமல் இருக்குமா? வாய்க்கால் தலைப்பில் ஒரு கம்பி வலை போட்டிருந்தார்கள். அதில் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் குறைந்து, சக்கரம் தளர்ந்து, ஊர் விளக்கெல்லாம் மங்கிச் சிவந்துபோகும். ஆகவே வீட்டுக்கு ஒரு நாள் முறை. விடியற்காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இலையை வாரிப் போட வேண்டும். வீட்டுக்காரர்தான் இறங்க வேண்டும், கூலியாளை அனுப்பக் கூடாது. கூலிக்கு வந்த ஒருத்தன் கரையிலேயே பீடி குடித்துவிட்டுப் போனான். அந்த அனுபவம் போதும் அவர்களுக்கு.

ஊர் ஜொலிப்பது திவான் காதுக்குப் போயிற்று. நோகாமல் நுங்கு தின்கிற ஆசை அவருக்கு. "மகாராஜா, ஓடை உங்களுடையது, மலை உங்களுடையது. அதில் வருகிற வெளிச்சம் மட்டும் குடிகளுடையதா?" என்றார். அரண்மனையிலோ இன்னும் மண்ணெண்ணெய் விளக்குதான். ராஜாவுக்குச் சுருக்கென்றது. வருகிற வெள்ளிக்கிழமை முதல் எல்லாம் அரண்மனைக்குச் சொந்தம், விளக்குக்கு இவ்வளவு என்று ஊர் வாடகை கட்ட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

வெள்ளத்தாயி மலையிறங்கி வந்து சபையில் நின்றாள்.

"நாங்க ஏத்தின விளக்குக்கு நாங்களே வாடகை கட்டணுமா சாமி? கட்ட முடியாதவன் வீடு மறுபடி இருட்டாயிடுமே."

ராஜா மனசு இளகியது. ஆனால் அவளுக்குப் பிறகு திவான் பேசினார். அவ்வளவுதான், காரியம் கெட்டது.

அந்தச் சபையில் காளத்தி என்றொரு விகடகவி இருந்தார். லேசுப்பட்ட ஆளில்லை. திவான் சொன்னது ரொம்பச் சரி என்று முதலில் ஒத்து ஊதினார். அப்புறம், இத்தனை பெரிய சொத்தை நேரில் போய் வாங்கிக்கொண்டால்தான் மகாராஜாவுக்கு மரியாதை என்றார். திவானுக்கு வாயெல்லாம் பல்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தேனூத்து மாவுமில் கூடத்தில் சபை கூடியது. தலைக்கு மேலே விளக்கு பளீரென்று எரிந்தது. ஊரே தரையில் உட்கார்ந்திருந்தது. திவான் உத்தரவை வாசிக்க எழுந்தார். அதற்குள் காளத்தி, வெற்றிலை துப்பிவிட்டு வருகிறேன் என்று வெளியே நழுவினார். திரும்பி வர நேரமாயிற்று. வரும்போது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

வாசித்து முடித்துத் திவான் உட்கார்ந்துவிட்டார். ராஜா வெள்ளத்தாயியைப் பார்த்து, "உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். விளக்கு மங்கிச் சிவந்தது.

அவ்வளவுதான். பதிலும் இல்லை, கும்பிடும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெள்ளத்தாயி ஓடினாள். பின்னாலேயே ஊர் முழுக்க எழுந்து ஓடியது. கூடம் காலி. கண் மூடித் திறப்பதற்குள் ராஜா, திவான், காளத்தி, நாலு சேவகர்கள் மட்டும் மிச்சம். திவான் உட்கார்ந்தபடியே, யாரங்கே, விளக்குக்கு என்ன ஆயிற்று என்று கத்தினார். சேவகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மெல்ல ஏறியது. இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட ஊர் திரும்பி வந்தது. ராஜா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓடியவர்களை உள்ளே தள்ள வேண்டும் என்று திவான் குதித்தார்.

காளத்தி முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"தள்ளுறதுன்னா என்னைத் தள்ளுங்க மகாராஜா. வலையில ரெண்டு கூடை இலையைக் கொட்டினது நான்தான். இது யாருக்குச் சொந்தம்னு எனக்கு ஒரு சந்தேகம். விளக்கு மங்கினா சொந்தக்காரங்க சும்மா இருக்கமாட்டாங்கன்னு பார்த்தேன். திவான் அவர்கள் நாற்காலியை விட்டு அசையவே இல்லையே."

"நானும்தான் அசையவில்லை," என்றார் ராஜா.

திவான் ஏதோ சொல்ல வந்தார். ராஜா கையமர்த்திவிட்டு, அந்த உத்தரவை வாங்கி நாலாகக் கிழித்தார். சக்கரமும் வாய்க்காலும் ஊருக்கே என்றார். வெள்ளத்தாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. காளத்திக்கு ஒரு ஜோடி தங்கக் காப்பு என்றும் அங்கேயே சொன்னார்.

ஆனால் ஆசை யாரை விட்டது? அரண்மனைக்கும் ஒரு கம்பி இழுக்க என்ன விலை என்று ராஜா மெல்லக் கேட்டார்.

"விலைக்கு இல்லீங்க சாமி," என்றாள் வெள்ளத்தாயி. "ஊர்ல ஒரு வீடா சேர்ந்துக்கலாம். எல்லாரையும் போல உங்களுக்கும் முறை வரும்."

ராஜா திவானைப் பார்த்தார். கூலியாள் கூடாது என்று கூட்டத்தில் யாரோ நினைவூட்டினார்கள். ராஜா தம்முடைய சரிகைச் செருப்பைக் குனிந்து பார்த்தார். அப்புறம் காளத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு, காதோடு காதாகக் கேட்டார்.

"ஓய், தண்ணீர் ரொம்பக் குளிருமோ?"

"எலும்பு வரைக்கும் குளிரும் மகாராஜா," என்றார் காளத்தி. "ஆனா ஒரு தடவை இறங்கிட்டீங்கன்னா, இந்த ஓடை உங்களுது இல்லைன்னு இந்த ஊர்ல யாரும் சொல்லமாட்டாங்க."

ராஜா சிரித்த சிரிப்பு மலையில் பட்டுத் திரும்பியதாம். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.