மசிலுக்குள் ஒளிந்த பிராணி

முன்னொரு காலத்தில், புதுமை என்றால் உயிரை விடும் ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் சபைக்குச் சீமையிலிருந்து ஒரு வைத்தியர் வந்தார்.

"அரசே, தசையை எங்கள் ஊரில் மசில் என்போம். கிரேக்கச் சொல்லுக்கு உறவாகி, லத்தீன்காரரிடம் பிறந்து, எங்களிடம் வந்த சொல் அது. அதற்குள் ஒரு பிராணி ஒளிந்திருக்கிறது. தங்கள் சபையில் யாராவது கண்டுபிடிப்பார்களா?" என்று கேட்டார்.

ராஜாவுக்கு ஆவல் தாங்கவில்லை. விகடகவி சேந்தனைக் கண்டாலே வயிறெரியும் மந்திரி மழவராயருக்கோ, பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"பிரபு, இதற்குச் சேந்தனே தக்கவர். பொழுது சாய்வதற்குள் அந்தப் பிராணியை உயிரோடு சபைக்குக் கொண்டுவரட்டும். தவறினால் நாட்டை விட்டே போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. ராஜாக்களுக்கு யோசிக்க ஏது நேரம்!

சேந்தனுக்குக் கிரேக்கமும் தெரியாது, லத்தீனும் தெரியாது. ஆனால் எந்த ஊர்க்காரனும் கண்ணால் பார்த்துத்தானே பெயர் வைத்திருப்பான்? தசையைப் பார்க்கப் புலவர் வீட்டுக்கா போவது? மல்லர்கள் பயிற்சி செய்யும் கோதாவுக்கு ஓடினான். அங்கே மாசாணம் என்ற மல்லன் எண்ணெய் பூசிய கையை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். பார்த்ததுமே சேந்தன் துள்ளிக் குதித்தான்.

"மாசாணம், சட்டுனு கிளம்பு! அரண்மனைக்குப் போகணும்."

"எண்ணெயைத் துடைச்சிட்டு வந்துடறேனே, சாமி?"

"துடைக்கவே துடைக்காதே, அப்படியே வா!"

சபை நடுவே மாசாணம் கையை மடக்கினான். தோலுக்கடியில் ஏதோ குடுகுடுவென்று மேலே ஓடியது. நீட்டினான், இறங்கி ஓடியது.

"அரசே, இதோ எலி! உயிரோடு ஓடுகிறது" என்றான் சேந்தன்.

வைத்தியர் எழுந்து கைதட்டினார். "அதேதான்! கிரேக்கருக்கு எலிக்கும் தசைக்கும் ஒரே சொல். லத்தீன்காரர் தசையைக் குட்டி எலி என்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் எங்கள் மசில்!"

மழவராயர் விடவில்லை. "எலியென்றால் கையில் பிடிபட வேண்டாமா?"

"பிடித்துத்தான் பாருங்களேன், மந்திரியாரே."

மந்திரி இரண்டு கையாலும் மல்லனின் புயத்தை இறுகப் பற்றினார். மாசாணம் மெல்லக் கையை உயர்த்தினான். மந்திரியும் உயர்ந்தார். கால்கள் அந்தரத்தில் ஆடின. அப்புறம் எண்ணெய் தன் வேலையைக் காட்ட, பொத்தென்று தரையில் விழுந்தார்.

"பிரபு, மந்திரியையே தூக்கும் எலி இது. வேறு சாட்சி வேண்டுமா?"

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் தோள்வளையைக் கழற்றிச் சேந்தனுக்குப் பூட்டினார். அது சரசரவென்று இறங்கி மணிக்கட்டில் வந்து நின்றது.

"என்ன சேந்தா, உன் எலியைக் காணோமே?"

"நாடு கடத்திவிடுவீர்களோ என்று பயந்து பதுங்கிவிட்டது, பிரபு. நல்ல தீனி கிடைத்தால் வெளியே வரும்."

அன்று முதல் சேந்தனுக்குத் தினமும் அரண்மனையில் நெய்ச்சோறு. பக்கத்தில் நின்று பரிமாறுகிற வேலையை ராஜா மழவராயருக்குக் கொடுத்தார்.