தேவாங்கு தனித்த கதை

அந்தக் காலத்தில், ஒரு விலங்கின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்கிய நாளில், கடவூர் மலையில் குரங்குகளும் தேவாங்குகளும் பங்காளிகளைப் போல ஒரே உசிலை மரத்தில் வாழ்ந்தன. தேவாங்கும் அப்போது பகலில்தான் விழித்திருந்தது. குரங்குக்குச் சமமாகக் கிளைக்குக் கிளை தாவியது.

அந்த மரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பால்மயிர் உதிர்ந்த குட்டியைத் தாய் மடியிலிருந்து இறக்கி மற்றக் குட்டிகளின் நடுவே விட வேண்டும். அதற்கு ‘ஆட்டத்துக்கு விடுவது’ என்று பெயர். குட்டிகள் பெரியவர்களைப் பார்த்துப் பேன் எடுக்கும், சண்டை போடும், பொய்க்கடி கடிக்கும். கடி அழுந்தினால் கடிபட்டது ‘கீச்’ என்று கத்தும். கடித்தது வாயைத் திறந்துவிட வேண்டும். திறக்காத குட்டியோடு அன்று முழுவதும் யாரும் சேர்வதில்லை. மறுநாள் அந்த வாய் தானாகவே திறக்கும்.

நொச்சி என்ற தேவாங்கு மட்டும் தன் மகன் அரும்பனை ஆட்டத்துக்கு விடவில்லை. அவளுடைய மூத்த மகன் ஆட்டத்தில் கிளை தவறி விழுந்து மாண்டிருந்தான்.

“ஏண்டி நொச்சி, உன் மகனுக்குக் கால் முளைக்கலையா? தொங்கட்டான் மாதிரி மாட்டிக்கிட்டுத் திரியுறியே!” என்றாள் பக்கத்துக் கிளை மந்தி செம்பி.

“இருக்கட்டும் அக்கா. இங்கிருந்தே பார்த்துக் கத்துக்குவான்.”

“இறக்கி விடு. விழுந்தா நாங்க பிடிக்க மாட்டோமா?”

“மூத்தவன் விழுந்தப்பவும் நீங்க எல்லாரும் இருந்தீங்க.”

செம்பி தன் கிளைக்குத் திரும்பினாள்.

அரும்பன் கண் கொட்டாமல் பார்த்தான். பார்த்ததையெல்லாம் தாயின் தோளில் செய்து பழகினான். ஊசிப் பற்கள் தோளில் இறங்கும்போதெல்லாம் நொச்சி மூச்சை அடக்கிக்கொண்டாள், கத்தவில்லை. கத்தினால் பிள்ளை பயந்துபோவான் என்று நினைத்தாள். அப்படிப் பொறுப்பதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. அவள் செய்த பிழை அது ஒன்றே.

செம்பியின் மகன் துள்ளன் நாள்தோறும் வந்து அரும்பனின் காலைப் பிடித்து இழுப்பான். “வாடா முழிக்கண்ணா, நீ புலி, நான் மான்!”

“அம்மா, ஒரே ஒரு ஆட்டம்மா” என்று ஒருநாள் அரும்பன் அழுதான். அன்று அவள் மனம் இளகியது. இறக்கிவிட்டாள்.

அரும்பன் ஒன்றிலும் பிசகவில்லை. பதுங்கவேண்டிய இடத்தில் பதுங்கினான். பாயவேண்டிய நேரத்தில் பாய்ந்தான். “அடேங்கப்பா, எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கானே!” என்று மந்திகள் வியந்தன. நொச்சிக்கு உள்ளம் பூரித்தது.

புலி மானின் கழுத்தைக் கவ்வியது. துள்ளன் ‘கீச்’ என்றான்.

கீச்சென்ற ஒலிக்கு வாய் திறப்பதை அரும்பனின் கண் ஆயிரம் முறை பார்த்திருந்தது. அவன் வாய் ஒருமுறைகூடப் பழகியிருக்கவில்லை. தாயின் தோளைப் போலவே அந்தக் கழுத்தையும் அவன் இறுகக் கடித்தான். இரண்டாம் முறை கீச்சொலி எழவில்லை.

“எழுந்திருடா” என்று அவன் துள்ளனை உலுக்கினான். “இப்ப நான் மான். நீ புலி. எழுந்திருடா.”

செம்பி வந்தாள். துவண்ட உடலை எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டு, பால் கொடுப்பவளைப் போல ஓர் ஓரமாகப் போய் அமர்ந்தாள். அவள் நொச்சியை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அரும்பன் தாயிடம் ஏறி வந்தான். அவள் தோளின் தழும்புகளை அன்றுதான் தடவிப் பார்த்தான்.

“அம்மா, உனக்கும் வலிச்சுதா?”

“வலிச்சுது.”

“அப்ப நீ ஏம்மா கத்தலை?”

அவர்களை மரத்தை விட்டுப் போகச் சொன்னவர் யாரும் இல்லை. மறுநாள் துள்ளனின் தம்பி ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது, அரும்பன் கைகளை மடக்கி, தலையைக் கால்களுக்கிடையே புதைத்துக்கொண்டு பொந்துக்குள் சுருண்டான். பொழுது சாய்ந்து கூட்டம் உறங்கிய பிறகுதான் வெளியே வந்தான். அதற்குப் பின் அவன் தாவவே இல்லை.

அன்று முதல்தான் தேவாங்கு, குரங்குகள் கண்மூடிய பிறகு தனியே நடமாடுகிறது. வெறுங்கிளையைப் பற்றும்போதுகூட, அதற்கு வலித்துவிடுமோ என்று ஒவ்வொரு விரலாக மெல்ல மெல்லப் பற்றுகிறது.