விதிப்படி ஒரு படி

ஒரு காலத்தில், ஒரு சின்ன ஊரின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு நூலகம் இருந்தது. அதன் வாசலில் கருங்கல் படிகள் இருந்தன. அந்த ஊரில் அவற்றைவிடக் கர்வம் பிடித்தவர்கள் யாரும் இல்லை.

"மேலே ஏறுவதற்கு என்ன பேர்? படி. உள்ளே போய் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு என்ன பேர்? அதுவும் படி," என்று மேல்படி சொல்லும். "எங்களை மிதிக்காமல் இந்த ஊரில் ஒருத்தன் படித்தவன் ஆகிவிடுவானா?"

மற்ற படிகள் ஆமாம் போடும். மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை. ஏற முடியாதவர்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. வராததால், அப்படி யாரும் ஊரிலேயே இல்லை என்று படிகள் நினைத்திருந்தன.

ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பொதுக் கட்டடம் எதுவானாலும் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்க வேண்டும். நூலக உதவியாளர் கொம்பையா, கொத்தனார் சொரிமுத்துவுக்குப் போன் போட்டார். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"சாய்தளம் போடணும்வே! விதிப்படி! கேக்கா? விதிப்படி!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

சொரிமுத்து நாணயமான வேலைக்காரர். கருங்கல் படிகளுக்குப் பக்கத்தில் நீளமாக, இதமாக ஒரு சாய்தளம் போட்டார். ஓரத்தில் கைப்பிடிக் கம்பி வைத்தார். அது கதவைத் தொடும் இடத்தில், கேட்ட சொல்லை மீறாமல், ஒரு படியும் கட்டினார். ஒரு சாண் உயரம்தான்.

கருங்கல் படிகளுக்கு ஒரே கொண்டாட்டம். "வாடே தம்பி! உசரம் கம்மிதான், ஆனாலும் நீ நம்ம ஆளு," என்றது மேல்படி.

சாய்தளத்தை மட்டும் யாரும் மதிக்கவில்லை. "ஏ, காய்ச்சலா ஒனக்கு? வந்ததுல இருந்து படுத்தே கிடக்க? எந்திரிச்சு உக்காரு, ஆள் வருது," என்று கேலி செய்தன. புதிதாக வந்த குட்டிப்படியும் சேர்ந்து சிரித்தது. சாய்தளம் பாட்டுக்கு வெயில் காய்ந்தது.

பிறகு ஒருநாள் ஜெசிந்தா வந்தாள்.

செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறவள். சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலி. புத்தகம் என்றால் உயிர். ஆனால் அவள் படித்த புத்தகம் ஒவ்வொன்றும் வேறு யாரோ எடுத்துக் கொடுத்தது. நல்லவர்கள்தான். ஆனால் யாரிடம் சொல்லி அனுப்பினாலும் தன்னம்பிக்கைப் புத்தகமாகவே பார்த்து எடுத்து வந்தார்கள். அலமாரிக்கு முன்னால் தானே போய் நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வேறொன்றுமில்லை.

அவள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சாய்தளத்தில் ஏறினாள்.

குட்டிப்படி அதுவரை கால்களைத்தான் பார்த்திருந்தது. கால்கள் வேறெதையோ நினைத்துக்கொண்டு ஏறும். இவள் கைகளால் வந்தாள். ஒவ்வொரு தள்ளலுக்கும் தெரு கொஞ்சம் கீழே போனது. பூமியே அவளுக்காக மெல்லக் குனிந்துகொடுப்பதுபோல இருந்தது.

அப்புறம், டக். நாற்காலியின் முன்சக்கரம் குட்டிப்படியில் மோதி நின்றது.

கதவு திறந்திருந்தது. முதல் அலமாரியில் இருந்த புத்தகங்களின் தலைப்புகளை அங்கிருந்தே வாசிக்க முடிந்தது. கைதான் எட்டவில்லை.

கொம்பையா ஓடி வந்தார். "என்ன புக்கு வேணும்னு சொல்லு தாயி. நான் எடுத்தாறேன்."

"என்ன வேணும்னு எனக்கே தெரியாது அண்ணாச்சி. பாத்தாத்தான தெரியும்?"

"அப்ப ரெண்டு பேரக் கூப்பிடுதேன். நாற்காலியோட அலாக்காத் தூக்கி உள்ள வச்சிருவோம்."

"வெளிய வாரதுக்கு? ஒண்ணுக்குப் போணும்னா? நாளைக்கு வந்தா? நான் என்ன அரிசி மூட்டையா?" என்றாள் ஜெசிந்தா. பிறகு கீழே பார்த்தாள். "இம்புட்டுத் தூரம் பாதை போட்டுட்டு, கடைசில இது எதுக்கு அண்ணாச்சி?"

கொம்பையாவும் அப்போதுதான் அதைப் பார்ப்பவர்போலப் பார்த்தார். போனை எடுத்தார். சொரிமுத்து பக்கத்துத் தெருவில்தான் வேலையாக இருந்தார், வருகிறேன் என்றார்.

காத்திருந்த நேரத்தில் குட்டிப்படி சாய்தளத்திடம் மெல்லக் கேட்டது. "அவ்வளவு உயரம் அவளை எப்படி ஏற்றினாய்?"

"நான் ஏற்றவில்லை," என்றது சாய்தளம். அது பேசியது அதுவே முதல்முறை. "உயரத்தை நீட்டிப் போட்டேன். ஏறியது அவள்."

குட்டிப்படி கருங்கல் பக்கம் திரும்பியது. "அண்ணே, நம்ம வேலை என்ன?"

"மேலே ஏற்றிவிடுவது."

"நான் யாரை ஏற்றினேன்?"

கீழே, எல்லாக் கால்களும் முதலில் மிதித்துத் தேய்ந்துபோன படி மட்டும் முனகியது: "இத்தனை காலமும் வந்தவங்களத்தான எண்ணிக்கிட்டு இருந்தோம்."

சொரிமுத்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"யாருவே இங்க படி வைக்கச் சொன்னது?" என்றார் கொம்பையா.

"நீருதான்! போன்ல தொண்டை கிழியக் கத்தினீரே. சாய்தளம் போடு, விதிப்படின்னு. சாய்தளமும் போட்டேன். விதிப்படியும் போட்டேன். அதுக்குன்னு ஒரு படி உண்டுபோலன்னு நெனச்சேன்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அந்த நீர் சிரிப்போடு நிற்கவும் இல்லை. சொரிமுத்து அவளைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், தான் கட்டியதைப் பார்த்தார். உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

"இறுக்கிப் பிடிலே!" என்று மேல்படி அலறியது. "விட்டுராத! படியாப் பொறந்துட்டுப் பொடியாப் போவியா?"

குட்டிப்படி கதவுக்கு உள்ளே பார்த்தது. பிறகு ஜெசிந்தாவின் கைகளைப் பார்த்தது. உளி தொட்ட முதல் அடியிலேயே பிடியை விட்டது.

"என்னவே, ஒத்த அடில உதிருது? கலவைலயும் கை வச்சிட்டீரா?" என்றார் கொம்பையா.

"எம் புள்ளமேல சத்தியமா நல்ல கலவைவே! தானாக் கழண்டு வருது. எனக்கே ஒண்ணும் வெளங்கல."

உதிர்ந்ததை எல்லாம் அந்த இடத்திலேயே சரித்துக் கொட்டி, மேலே கலவை பூசி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டார். சாய்தளம் கதவுக்குள் போய் முடிந்தது. "காயட்டும் தாயி. நல்லா இறுகினதும் நானே கடைக்கு வந்து சொல்லுதேன்," என்றார் கொம்பையா.

அவர் வந்து சொல்லிப்போன மறுநாள், கடை திறக்கும் முன்பே ஜெசிந்தா வந்துவிட்டாள்.

படியாக இருந்த அது இப்போது சாய்தளத்தின் நுனியாகக் கிடந்தது. தனக்கென்று உயரம் இல்லை, பெயரும் இல்லை. அதன்மேல் சக்கரம் ஏறியது. மோதவில்லை, நிற்கவில்லை. தண்ணீர்மேல் காற்று போவதுபோல ஒரு பாரம் கடந்து உள்ளே போயிற்று. உடைந்த துண்டுகள் ஒவ்வொன்றும் சிலிர்த்தது.

"போயிட்டாளா?" என்றது மேல்படி. அதன் குரலில் பழைய மிடுக்கு இல்லை. "நமக்கு இங்கேயிருந்து தெரியலையே. என்ன செய்யுறா?"

"அலமாரி அலமாரியாகப் போகிறாள்," என்றது நுனி.

"எடுத்தாளா?"

"இல்லை. விரலால் தொட்டுக்கொண்டே போகிறாள்."

கருங்கல் படிகள் மூச்சை அடக்கிக் காத்திருந்தன. அன்று அவற்றின்மேல் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று அவை கவனிக்கவே இல்லை.

"இப்ப?"

"ஒன்றை எடுத்துவிட்டாள். தடித்த புத்தகம். பிரிக்கிறாள். படிக்கிறாள்."

"அப்புறம்? சொல்லுடே, அப்புறம்?"

உள்ளே ஜெசிந்தா இரண்டு பக்கம் வாசித்தாள். உதட்டைப் பிதுக்கினாள். வாழ்க்கையில் தன் கையால் எடுத்த முதல் புத்தகத்தை, பிடிக்கவில்லை என்று, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.